ஐஸ்பெட்டியில் வைத்த பற்றரி

கிழக்கு வெளுக்க முன்னரே ஆட்களை வைத்துக் கடல்தொழில் நடத்தும் சிங்கராசா சம்மாட்டியின் படகோடு அகஸ்ரினா மல்லுக்கட்டத் தொடங்கிவிட்டாள். முழங்காலை மணலில் ஊன்றி, கிரைண்டரை இரண்டு கையாலும் அமர்த்திப் பிடித்து, வெடித்துப்போன பழைய பைபரை உரித்துக்கொண்டிருந்தாள். கைக்கும் கழுத்துக்கும் தேங்காயெண்ணெய் பூசி, புருசன் அல்பிரட்டின் நீளக்கைச் சட்டையை மாட்டி, மூக்கையும் வாயையும் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாள். என்னத்தைக் கட்டி என்ன? பைபர்த் தூள் கண்ணுக்குத் தெரியாத முள். சோழகக் காற்று அதை அள்ளி வந்து முகத்திலேயே கொட்டியது. இமைக்குள், நகக்கண்ணுக்குள், இடுப்பு மடிப்புக்குள் எங்கும் குத்தியது. சொறியக் கூடாது, சொறிந்தால் இன்னும் உள்ளே ஏறும். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

படகுக்குள் வஸீர் குனிந்து நின்று பைபர் விரிப்பை அளவு பார்த்து வெட்டிக்கொண்டிருந்தான். சுபஹுத் தொழுதுவிட்டு நேரே வந்தவன். முசலிப் பக்கத்து ஆள். பேச்சுக் குறைவு, வேலை சுத்தம். பக்கத்துப் படகில் முபீன் ஆணி கழற்றிக்கொண்டிருந்தான். துஷாந்தன் துளை போட்டுக்கொண்டிருந்தான். மன்னாருக்குத் தெற்கே அரிப்பு என்ற ஊரின் கரையில் றெனால்ட் முதலாளியின் படகு திருத்தும் கொட்டில், அந்த வாடி, என்பது இந்த நாலு பேர்தான். முதலாளி வெயில் தாழ்ந்த பிறகு வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்.

இவ்வளவு விடியக்காலையில் என்ன அவசரம் என்று கேட்டால், எல்லாம் அந்தப் பற்றரிகளுக்காகத்தான். வெயில் ஏறினால் அவை சண்டித்தனம் பண்ணத் தொடங்கிவிடும்.

வாடிக்குக் கறண்ட் கம்பி வந்ததில்லை. முன்பு ஒரு ஜெனரேற்றர் இருந்தது. நாலு பேரும் சேர்ந்து வாங்கியது. புகை கக்கும், இரைச்சலில் காது அடைக்கும், ஈர மணலில் வயரை இழுத்துக்கொண்டு திரிய வேண்டும். ஆனாலும் அது அவர்களுடையது. பிறகு றெனால்ட் முதலாளி ரவுனில் மெசின் கடை திறந்தார். ஊதா நிறத்தில் பற்றரி மெசின்கள் வந்து இறங்கின. கிரைண்டர், துளை போடுவது, தேய்ப்பது, லைற், காற்றாடி என்று எல்லாவற்றுக்கும் ஒரே பற்றரி. இதிலிருந்து கழற்றி அதில் செருகினால் சரி. கையில் கொடுத்து ஓட்டியும் காட்டினார். பழசைத் தந்துவிட்டுப் புதுசை எடுங்கோ, மிச்சத்தைக் கூலியில் கழிப்பம் என்றார். நாலு பேரும் ஜெனரேற்றரையும் வயர் மெசின்களையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கலியாணத்துக்குப் போனவர்கள் மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

பொய் சொல்லக்கூடாது, முதல் வருசம் சொர்க்கம்தான். வயர் இல்லை, புகை இல்லை. படகின் எந்த மூலைக்குள்ளும் புகுந்து வேலை செய்யலாம். இரண்டாம் வருசம் பற்றரிகள் களைக்கத் தொடங்கின. புதிது வாங்கப் போனால், அந்த ஊதாப் பற்றரியைக் கம்பனி செய்வதையே விட்டுவிட்டதாம். இப்போது வருவது சாம்பல் நிறம். அதற்கு வாய் வேறு, கால் வேறு. ஊதா மெசினில் ஏறாது. துஷாந்தன் ஒன்றைக் கத்தியால் செதுக்கிக்கூடப் பார்த்தான். பொருந்தினால்தானே! மெசின்கள் எல்லாம் கல்லுப்போலத்தான் இருந்தன, அவற்றுக்குச் சோறு போடத்தான் ஆளில்லை. மற்றக் கடைகளில் கேட்டால் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரு நிறத்தை நம்பி இறங்கினால் ஆயுசுக்கும் அந்த நிறத்துக்கே அடிமை என்று அப்போதுதான் விளங்கியது.

மிஞ்சிய கிழட்டுப் பற்றரிகளைச் சுற்றிச் சுற்றிப் பாவித்தார்கள். சாஜர் இருப்பதும் முதலாளி வீட்டில்தான். வெயிலில் வேலை செய்து கொதித்துப்போன பற்றரியைச் செருகினால் சாஜர் சிவப்பு லைற்றைக் காட்டி முரண்டு பிடிக்கும். ஆறினால்தான் கறண்ட் ஏற்றும். அது ஆறும்வரை நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு முதலாளி ஒரு சட்டம் போட்டார்: பற்றரி ஆறும் நேரத்துக்குக் கூலி இல்லை. மத்தியானத்தோடு பாதி நாள் போய்விடும். இந்தச் சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் கடலும் இல்லை, அல்பிரட்டுக்குத் தொழிலும் இல்லை. அகஸ்ரினாவின் கூலியில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அது பாதியாகிப் போனால் என்ன செய்வது?

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கடல் தொழில் செய்கிற ஊரில் கெட்டுப்போகக் கூடாத எதற்கும் மருந்து ஒன்றுதான், ஐஸ். மீனுக்கு ஐஸ், இறாலுக்கு ஐஸ், பிள்ளை விழுந்து நெற்றி வீங்கினாலும் ஐஸ். அல்பிரட்டின் மீன்பெட்டியை வாடிக்குக் கொண்டுவந்து, பற்றரிகளைப் பொலித்தீன் பையில் சுற்றி ஐஸுக்குள் புதைத்தாள். கொஞ்ச நேரத்தில் குளுகுளுவென்று வெளியே வந்தன. சாஜரும் முரண்டு பிடிக்காமல் பச்சை லைற்றைக் காட்டியது. துஷாந்தன் சிரித்தான், பற்றரியைக் கருவாடு போடாமல் விட்டாளே அக்கா என்று. கூலி திரும்பக் கிடைத்தது. யாரும் இதைத் தப்பென்று நினைக்கவில்லை. மீனைக் காப்பாற்றுகிற ஐஸ் பற்றரியை என்ன செய்துவிடும் என்றுதான் எல்லாரும் இருந்தார்கள்.

பை எப்போது கிழிந்ததோ தெரியாது. மீன் கழுவிய உப்புத் தண்ணீர் உள்ளே போனதும் தெரியாது. வஸீர் அன்று மத்தியானம் பெட்டியிலிருந்து, கறண்ட் கொஞ்சம் மிச்சமிருந்த ஒரு பற்றரியை எடுத்தான், சாரத்தில் துடைத்தான், படகுக்குள் ஏறித் தேய்க்கும் மெசினில் செருகினான். முதலில் ஒரு நாற்றம். பிறகு புசுபுசுவென்று வெள்ளைப் புகை. முபீனும் துஷாந்தனும் அப்போது உதவிக்கு அதே படகுக்குள்தான் நின்றார்கள். காலடியில் தீப்பற்றும் றெசின்பசை வாளி மூடாமல் இருந்தது. வஸீர் மெசினைக் கீழே போட்டிருக்கலாம். போட்டிருந்தால் மூன்று பேரும் எரிந்திருப்பார்கள். அவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விளிம்பால் வெளியே பாய்ந்தான். அவன் கையிலேயே அது வெடித்தது. தீ ஒரு கணம் படகின் விளிம்பையும் நக்கிவிட்டுப் போனது. அகஸ்ரினா ஓடிவந்து மணலை அள்ளி அள்ளிக் கொட்டினாள். அவனுடைய வலது கை விரல்களில் தோல் கையுறை மாதிரிக் கழன்று தொங்கியது. அவன் முதலில் மற்ற இருவரையும்தான் திரும்பிப் பார்த்தான். அதுதான் அவளுக்கு இன்னும் தாங்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் முதலாளி அவளைக் கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். போனவுடனே கதிரையில் இருக்கச் சொன்னார். இத்தனை வருசத்தில் அவர் அவளுக்குக் கதிரை காட்டியதில்லை. அவள் நுனியில் மட்டும் இருந்தாள். மேசையில் புதுச் சாம்பல் நிறக் கிரைண்டர் ஒன்று பளபளவென்று இருந்தது. முதலாளி ஆறுதலாகத் தொடங்கினார். சிங்கராசா சம்மாட்டி படகு கருகிப்போனதற்கு நியாயம் கேட்கிறார். மற்றச் சம்மாட்டிமாரும் கதைக்கிறார்கள். வேலையில் நடந்த விபத்து என்றால் வஸீரின் செலவெல்லாம் தன் தலையில் விழும், தொழில் அலுவலகக் கந்தோர், விசாரணை என்று அலைய வேண்டிவரும். அவன் தன்பாட்டில் செய்த விசர்வேலை என்றால் அது அவனோடு போயிற்று.

"நாளைக்கு எல்லாரையும் வாடிக்கு வரச் சொல்லியிருக்கிறன். நீர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அகஸ்ரினா. வஸீர் தன்ர எண்ணத்துக்கு ஐஸில வைச்சவன் எண்டு. இந்த மெசின் உமக்கு, சும்மா. மற்ற ரெண்டு பேரும் புதுசு வாங்கத்தான் வேணும். வாங்காட்டி அவையளுக்கு வேலை இல்லை."

ஐஸில் வைத்தது யாரென்று மனுசனுக்குத் தெரியாது. அது விளங்கியதும் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், வெட்கம் கெட்ட நிம்மதி. அடுத்த நிமிடமே தன்மேல் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. தலையை ஆட்டினாளா ஆட்டவில்லையா என்று அவளுக்கே தெரியாமல் எழும்பி வந்தாள்.

வீட்டில் அல்பிரட் முழுக் கதையையும் கேட்டான். கேட்டுவிட்டு வலையை இழுத்து மடியில் போட்டான். வஸீர் நல்லவன்தான் என்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "உண்மையைச் சொல்லிப்போட்டு நாங்கள் எங்க போறது? திரும்ப மண்டபத்துக்கோ?"

கடலுக்கு அப்பால் இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில்தான் அவள் வளர்ந்தாள். அங்கே படித்த முதல் பாடம், மேசைக்குப் பின்னால் இருக்கிறவர் எதைக் கேட்க விரும்புகிறாரோ அதை மட்டும் சொல்ல வேண்டும். மிச்சத்தை விழுங்கிவிட வேண்டும். அப்படி விழுங்கி விழுங்கித்தான் ஊர் திரும்பினார்கள், காணியைத் துப்புரவாக்கினார்கள், ஒரு கூரையைப் போட்டார்கள். இதையும் விழுங்கினால் என்ன, இன்னொரு பிடி மண்தானே என்று மனது சொல்லியது. ஆனால் தொண்டையில் இறங்க மாட்டேன் என்றது.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து மன்னார் ஆசுப்பத்திரிக்குப் போனாள். வஸீர் கட்டிலில் கையைத் தலையணைமேல் வைத்தபடி கிடந்தான். முழங்கை வரை வெள்ளைத் துணி. பக்கத்தில் அவன் மனைவி ஸீனத் பிளாஸ்க்கோடு நின்றாள். அகஸ்ரினா வாய் திறக்க முன்னரே அவன் கேட்டான், முதலாளி உங்களையும் கூப்பிட்டவரா என்று. முதலாளி முபீனையும் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார், அவன் முதல்நாள் இரவே வந்து எல்லாம் சொல்லியிருக்கிறான்.

"ஐஸ் உங்கட யோசினை எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதீங்க, அக்கா. வஸீர்தான் வைச்ச எண்டே சொல்லுங்க. ரெண்டு விரல் இனி மடங்காதாம். எனக்கு இனி அந்த வேலை இல்லைத்தானே. உங்கடையாவது மிஞ்சட்டும்."

இப்படி ஒருவன் சொன்னால் மனுசி என்ன செய்வாள்? அவன் ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். உன்னால்தான் என்று கையை நீட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பாள். இவன் தன் கருகிய கையாலேயே வழியை விட்டுக் கொடுக்கிறான். ஸீனத் பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திருகி மூடினாள். வாசல்வரை கூட வந்தபிறகுதான் பேசினாள்.

"அவர் அப்படித்தான் சொல்லுவார், அக்கா. பிள்ளையள் பசிக்குது எண்டு வந்தா நான் அதுகளுக்கு என்ன சொல்லுற?"

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் சாவீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்து இடம் விட்டுக் கொடுத்தார்கள்.

வாடியில் ஆட்கள் கூடிவிட்டிருந்தார்கள். சிங்கராசா சம்மாட்டி கருகிப்போன தன் படகின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். பொல்லாத மனுசர் இல்லை, ஆனால் கோபக்காரர். சோழகம் அடங்கப்போகிறது, கடல் திறக்கப்போகிறது, படகு இப்படிக் கிடந்தால் தன் ஆட்கள் மண்ணைத் தின்பதா என்று வந்த நேரத்திலிருந்து ஏசிக்கொண்டிருந்தார். இன்னும் சில சம்மாட்டிமார் நின்றார்கள். முபீனும் துஷாந்தனும் ஒதுங்கி நின்றார்கள். முதலாளி வெள்ளைச் சட்டையோடு நடுவில் நின்று, தான் எத்தனை தரம் பத்திரம் என்று சொன்னவர், பற்றரி எவ்வளவு நல்ல சாமான், ஆனால் சொல்வழி கேளாத ஆட்களை வைத்து என்ன செய்வது என்று அழகாக ஒரு கதையை விட்டார். முடிவில் அவளைப் பார்த்தார்.

"அகஸ்ரினா சொல்லட்டும். அவ பொய் சொல்லமாட்டா."

எல்லாக் கண்ணும் அவள்மேல் இருந்தது. முகாமின் மேசைகள் எல்லாம் வரிசையாக முன்னால் வந்து நின்றன. கேட்க விரும்பியதைச் சொல், மிச்சத்தை விழுங்கு. அவள் ஒருமுறை கருகிய படகைத் திரும்பிப் பார்த்தாள். முதலாளி புன்சிரிப்போடு சொன்னார், பயப்படாதேயும் என்று. அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குள் ஏதோ அறுந்தது.

"ஐஸில வைச்சது நான்," என்றாள்.

முதலாளியின் முகம் கறுத்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சம்மாட்டி கையை உயர்த்தி, ஏன் வைத்தாய் என்று அவளிடமே கேட்டார்.

அதன்பிறகு அவளுக்குத் தடையில்லை. பற்றரி ஆறும் நேரத்துக்குக் கூலியை வெட்டினது ஆர் என்று கேட்டாள். வெட்டினபடியால்தான் ஐஸில் வைத்தோம். பிழைதான், எங்களுக்குத் தெரியாது. உப்புத் தண்ணி பட்டால் வெடிக்கும் என்று விற்றவர் ஒரு நாளும் சொல்லவில்லை. ஐஸ்பெட்டியை வாடிக்குள் கண்டும் காணாமல் போனவரும் அவர்தான். வேலை ஓடினது, அவருக்கு அது போதும். எங்கள் ஜெனரேற்றரையும் வாங்கிக்கொண்டு, எங்கள் மெசின்களையும் வாங்கிக்கொண்டு, ஒரு பற்றரியைக் காட்டி எங்களைக் கட்டிப்போட்டார். அது செத்துப்போச்சு. இப்போது இன்னொரு நிறத்தைக் காட்டித் திரும்பக் கழுத்தை நீட்டச் சொல்கிறார். வஸீர்மேல் பழி போட்டால் எனக்கு ஒரு மெசின் சும்மா தாறன் என்றும் சொன்னார்.

"அவன் அந்தத் தீயை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு பாய்ஞ்சவன், சம்மாட்டி. இல்லாட்டி உங்கட படகும் இல்லை, இந்த ரெண்டு பேரும் இல்லை. அவன்ர கையில போய் நான் பொய்யை வைக்க மாட்டன்."

முதலாளி சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "அப்ப சரி. உமக்கு இனி இஞ்ச வேலை இல்லை. புது மெசின் வாங்கிற ஆக்கள் மட்டும் நில்லுங்கோ. வெளியில எத்தினை பேர் வேலை கேட்டு நிக்கினம்."

அகஸ்ரினா மற்ற இருவரையும் பார்க்கவில்லை. பார்த்தால் அவர்களைக் கேட்பது போலாகும். முபீனுக்குக் கைக்குழந்தை. துஷாந்தன் தங்கைக்குக் கலியாணம் பேசி வைத்திருக்கிறான். அவர்கள் நின்றாலும் அவள் ஏசமாட்டாள். அவள் வாடியில் கிடந்த தன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். முபீன் தன் ஊதா மெசினை முதலாளியின் காலடியில் வைத்திருந்தான். துஷாந்தனும் வைத்தான். வஸீரின் கைக்கு ஒரு முடிவு சொல்லும் வரைக்கும் தாங்கள் ஊதாவும் தொடமாட்டோம், சாம்பலும் வாங்கமாட்டோம் என்று முபீன் சொன்னான். திங்கட்கிழமை நாலு பேரும் தொழில் கந்தோருக்குப் போகிறோம், வஸீரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டென்றாலும் போகிறோம் என்று துஷாந்தன் சேர்த்தான்.

சம்மாட்டி வெடித்தார். நீங்கள் ஆளாளுக்குச் சண்டை பிடியுங்கோ, என் படகை ஆர் முடிக்கிறது என்றார். வேறு ஆட்களைக் கொண்டுவந்து முடித்துத் தாறன் என்றார் முதலாளி. எப்ப என்றார் சம்மாட்டி. பார்த்துச் சொல்லுறன் என்றார் முதலாளி. சம்மாட்டி அகஸ்ரினாவைக் கேட்டார், மெசின் இல்லாமல் முடியுமா என்று. மண்கடதாசியும் உளியும் கொண்டு கையால் தேய்க்கலாம், ஆனால் மெதுவாகத்தான் போகும், விரல் தேயும் என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள். அவர் கருகலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"என்ர எஞ்சினுக்கு எந்தக் கடையிலயும் மண்ணெண்ணெய் வாங்குவன். இவர்ர கடை எண்ணெயில மட்டும்தான் ஓடும் எண்டா, அதை நான் கடலுக்குக் கொண்டுபோக மாட்டன். படகை வெளியில எடுங்கோ. அங்க வைச்சுத் தேயுங்கோ."

வாடியை விட்டு ஒரு படகும் போகாது என்று முதலாளி வாசலை மறித்தார். சம்மாட்டி அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் படகின் பின்பக்கம் தோளைக் கொடுத்தார். அகஸ்ரினா கொடுத்தாள். முபீனும் துஷாந்தனும் கொடுத்தார்கள். மணலில் புதைந்த பைபர் படகு இலேசில் அசையுமா? மூச்சுத்தான் முட்டியது.

ஆனால் அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. படகு தள்ளுகிறவர்களைக் கண்டால் யாரும் பார்த்துக்கொண்டு போகமாட்டார்கள். யார் படகு, ஏன் தள்ளுகிறார்கள் என்று கேட்பதும் இல்லை. பகையாளியின் படகென்றாலும் தோளைக் கொடுத்துவிட்டுத்தான் பகையைப் பார்ப்பார்கள். வெளியே பூவரசுக்குக் கீழே கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழும்பி வந்தார்கள். ஒரு சைக்கிள்காரன் சைக்கிளைச் சரித்துவிட்டு வந்தான். மற்றச் சம்மாட்டிமார் ஆளையாள் பார்த்தார்கள், பிறகு சாரத்தை மடித்துக் கட்டினார்கள். முதலாளி உரத்துச் சொன்னார், இதில் கை வைக்கிறவன் தன் படகைத் திருத்த இனி இங்கே வரக்கூடாது என்று. அப்போதுதான் பலருக்கு விசயமே விளங்கியது. விளங்கிய பிறகும் ஒருத்தரும் கையை எடுக்கவில்லை.

அல்பிரட்டும் வந்திருந்தான். எப்போது வந்தான், எவ்வளவு கேட்டான் என்று அவளுக்குத் தெரியாது. அவளுடைய முகத்தைப் பாராமல் பக்கத்தில் வந்து குனிந்து தோளைக் கொடுத்தான்.

மன்னாரிலிருந்து வந்த பஸ் றோட்டில் நின்றது. ஸீனத் இறங்கினாள், கையில் பிளாஸ்க்கோடு. வாடியில் கூட்டத்தைக் கண்டு கிட்ட வந்தாள். அகஸ்ரினா நிமிர்ந்தாள். நடந்ததைச் சொல்ல வேண்டும், தனக்கும் இனி வேலை இல்லை என்று சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். எதை முதலில் சொல்வதென்று தெரியவில்லை.

"ஸீனத், எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டன். ஐஸ் நான்தான்..."

ஸீனத் பிளாஸ்க்கை மணலில் வைத்தாள். முக்காட்டை இழுத்துச் செருகினாள். அகஸ்ரினாவுக்குப் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்துக்குள் புகுந்து, படகில் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"அதைப் பிறகு கதைப்பம், அக்கா. இப்ப தள்ளுங்க."

தள்ளினார்கள். படகின் அடி மணலை அறுத்துக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தது.